பேட்டரி தீர்ந்தால் யார் பணம் கட்டுவது? சுங்கை சிப்புட் பெண் ஒருவரின் நரம்புத் தூண்டி: நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாழும் பெண் ஒருவருக்கு, சிறுநீரை அடக்க முடியாத தொல்லைக்காக 2014இல் உடலுக்குள் நரம்புத் தூண்டி ஒன்று பொருத்தினார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நான்கரை ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துபோனது. மாற்றுக் கருவி கிடைக்க அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் ஆயின. சிகிச்சை பலன் தந்தது. கருவியிலும் கோளாறு இல்லை. இடையில் அவர் நனைந்த துணியோடு கழித்த மூன்றரை ஆண்டுகளுக்குக் காரணம் பணமும், பேட்டரியைப் பற்றி யாரும் அவரிடம் முன்கூட்டியே பேசாததும்தான்.

நான் அரசு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். தாதியரை அழைக்கும் ஊர் வழக்கப்படி அவர் என்னை மிஸி என்பார். பில்கள், மருத்துவர் கடிதங்கள், கருவியின் அடையாள அட்டை எல்லாவற்றையும் அவருடைய சம்மதத்துடன் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயின் முன்கதை

அக்கா இளம் வயதில் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியதும் உதிர்ந்த பழம் பொறுக்கினார். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்தார். நான்கு பிரசவம். செம்பனைக் காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவதும், வந்ததை மணிக்கணக்கில் அடக்குவதும் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீர்க் கசிவு என்றதும் வயதாகிவிட்டது, பிள்ளை பெற்ற உடம்பு என்று சொல்லி ஒதுக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழுவதே இல்லை.

அக்காவுக்கு இருந்தது அவசரக் கசிவு. சிறுநீர் வருகிறது என்ற உணர்வு எழுந்த அடுத்த நொடியே, கழிப்பறையை எட்டுவதற்குள், கசிந்துவிடும். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசியும் வகை வேறு. அதற்கு இந்தத் தூண்டி பயன்படாது. சிறுநீர்த் தொற்று, நீரிழிவு இரண்டுக்கும் பரிசோதித்தார்கள். சிறுநீர் கழித்த பிறகு பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். எத்தனை முறை போகிறார், எத்தனை முறை கசிகிறது என்று நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தந்தார்கள், காப்பியையும் தேநீரையும் குறைக்கச் சொன்னார்கள். பின்னர் சோலிஃபெனாசின் மாத்திரை கொடுத்தார்கள். கசிவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் வாய் வறண்டது, மலச்சிக்கல் கடுமையானது. இந்த வகை மாத்திரைகளைப் பலர் பாதியில் நிறுத்துவதற்கு இவை இரண்டுமே முக்கியக் காரணங்கள். அக்காவும் நிறுத்திவிட்டார். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகே தூண்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்த வரிசை சரியானதுதான்.

கருவி வேலை செய்யும் விதம்

முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பில் துளைகள் உண்டு. மூன்றாவது துளை வழியாக வெளிவரும் நரம்பு சிறுநீர்ப்பைக்கும் மலவாய்க்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும் செய்தி கொண்டுபோகிறது. நான்கு மின்முனைகள் கொண்ட மெல்லிய கம்பியை அந்த நரம்பருகே செலுத்தி, கம்பியின் மறுமுனையைப் பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் வைத்த சிறு மின்னாக்கியோடு இணைப்பார்கள். கம்பி சரியான இடத்தில் இருந்தால், மின்சாரம் செலுத்தும்போது மலவாய்த் தசை சுருங்கும், கால் பெருவிரல் கீழ்நோக்கி வளையும். மேசையில் படுத்திருக்கும் நோயாளியின் பெருவிரலை மருத்துவர் கண் கொட்டாமல் பார்ப்பது இதற்காகத்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எமில் டனாகோ, ரிச்சர்டு ஷ்மிட் ஆகிய மருத்துவர்கள் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். அவசரக் கசிவுக்கு அமெரிக்க அரசு 1997இல் அனுமதி அளித்தது. மலம் அடக்க முடியாமைக்கு 2011இல் அனுமதி கிடைத்தது.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் சோதனைக் கட்டம். நிரந்தரக் கருவியை வைப்பதற்கு முன் கம்பியை மட்டும் செருகி, வெளியில் இடுப்பில் மாட்டிய சிறு பெட்டியால் தூண்டிப் பார்ப்பார்கள். கசிவு பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். அக்காவுக்கு நாளொன்றுக்கு ஒன்பது முறை இருந்த கசிவு, சோதனையின்போது இரண்டாகக் குறைந்தது. பெரிய தொகை கட்டி வாங்குகிற எத்தனை சிகிச்சைகளில் பலன் இருக்குமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்ட முடிகிறது? அவசரப்படுகிறார்கள் என்று தோன்றினாலும் நோயாளிகள் இந்தக் கட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த நாட்களின் நாட்குறிப்பையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

முதல் பில்

கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நடந்தது. அக்காவின் மகள் அப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தார். பெற்றோரையும் சேர்க்கும் மருத்துவச் சலுகை அங்கே இருந்தது. செலவை ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வந்தது, அக்கா உள்ளே போனார், வீடு திரும்பினார். பில்லை யாரும் வரிவரியாகப் படிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து நான் அதைப் படித்தேன். பாதிக்கு மேல் கருவிக்கும் கம்பிக்கும் போயிருந்தது. மிச்சம் அறுவை அரங்கம், மயக்க மருந்து, எக்ஸ்ரே, அறை வாடகை, மருந்து, மருத்துவர் கட்டணம். மலேசியாவில் தனியார் மருத்துவமனைகளை 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன் கீழுள்ள விதிகள் மருத்துவரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. கருவி, மருந்து, அறை, அரங்கம் ஆகியவற்றின் விலைக்கு அப்படி வரம்பு கிடையாது. அதனால்தான் பெருந்தொகை எப்போதும் மருத்துவர் பெயரில்லாத வரிகளில் இருக்கிறது. தொகை எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை, கருவிக்குக் கருவி, ஆண்டுக்கு ஆண்டு அது மாறுகிறது. இன்னொருவர் பில்லைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

அக்காவுக்கு வைத்தது மின்னேற்ற முடியாத வகை. அந்த வகையில் பேட்டரியும் மின்சுற்றும் ஒரே டைட்டானிய உறைக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கும். பேட்டரியை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. தீர்ந்தால் தோலைத் திறந்து, மின்னாக்கியையே எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். இதை அறுவைக்கு முன் யாரும் அக்காவுக்குத் தமிழில் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கேட்டதெல்லாம் கைவிளக்கு பேட்டரி மாற்றுவது போல அவர் மனத்தில் பதிந்திருந்தது.

பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்ந்தது

அந்தக் காலத்தில் பரவலாக இருந்த, சிறிதாக்கப்பட்ட மின்னாக்கிகளின் ஆயுள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். அதற்கு முந்தைய, உருவில் பெரிய கருவிகள் அதைவிட நீண்ட நாள் ஓடின. உறையைச் சிறிதாக்கியபோது பேட்டரியும் சிறிதானது. ஆகவே நான்கரை ஆண்டு என்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. ஆனாலும் அக்கா விஷயத்தில் இன்னும் சில காலம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பவை மின்துடிப்பின் வலிமை, ஒவ்வொரு துடிப்பின் அகலம், நொடிக்கு எத்தனை துடிப்பு, எந்த மின்முனைகள், கம்பியின் மின்தடை, இடைவிடாமல் ஓடுகிறதா அல்லது விட்டு விட்டு ஓடுகிறதா என்பவை. வழக்கமான அமைப்பு நொடிக்கு 14 துடிப்பு, ஒவ்வொன்றும் 210 மைக்ரோநொடி. வலிமையை மட்டும் நோயாளி தன் கைக்கருவியால் ஏற்றி இறக்கலாம்.

அக்கா ஏற்றிக்கொண்டே போனார். கருவி ஓடும்போது அடியில் ஒரு சிலிர்ப்பு தெரியும். நாளாக ஆக உடல் அதற்குப் பழகி, சிலிர்ப்பு மங்கிவிடும். சிலிர்ப்பு இல்லை என்றால் மருந்து இறங்கவில்லை என்று அக்கா எண்ணினார். உண்மையில், உணரவே முடியாத அளவு மென்மையான தூண்டலிலும் பலன் கிடைக்கிறது. கசிவைப் பார்த்துத்தான் வலிமையை மாற்ற வேண்டும், சிலிர்ப்பைப் பார்த்தல்ல. இந்த ஒரு வாக்கியத்தை அவருக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லியிருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வந்து அமைப்பைச் சரிபார்க்கும்படி சொன்னார்களாம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், ஒரு நாள் சம்பளம், துணைக்கு ஒருவர், இவ்வளவும் வேண்டும். நன்றாக இருக்கும்போது எதற்குப் போக வேண்டும் என்று அவர் போகவில்லை. தோட்டத்து ஊரில் இருந்து பார்த்தால் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

2018 இறுதி முதல் 2022 நடுப்பகுதி வரை

கசிவு திரும்பியது. உள்ளூரில் பார்த்த ஒரு கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சரியாகவில்லை. மறுபடியும் வேறொன்று கொடுத்தார்கள். உடலுக்குள் கருவி இருப்பதை அக்கா சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பிறகுதான் வீட்டில் அலமாரியில் கிடந்த கைக்கருவியை எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். மின்னாக்கியிடமிருந்து பதில் இல்லை. தூண்டி பொருத்தியவருக்குக் கசிவு திரும்பினால் சிறுநீர்ப் பரிசோதனையோடு பேட்டரியையும் கம்பியின் மின்தடையையும் முதலில் பார்க்க வேண்டும். கருவியின் அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. முட்டி வலிக்குச் சில இடங்களில் டயாதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சை கொடுப்பார்கள். தூண்டி உள்ளவருக்கு அது ஆபத்து, கம்பியின் முனை சூடாகி நரம்பைச் சுட்டுவிடக்கூடும்.

தீர்ந்துபோன கருவி உள்ளே கிடப்பதால் உடனடி ஆபத்து ஏதும் இல்லை. அந்தச் செய்தி ஆறுதல்தான், ஆனால் அதுவே தாமதத்துக்கும் வழிவகுத்தது. உயிர் போகிற காரியம் அல்ல என்பதால் எல்லா வரிசையிலும் அக்கா பின்னுக்குப் போனார். மகள் இதற்குள் வேலை மாறியிருந்தார். புதிய நிறுவனத்தின் சலுகையில் பெற்றோருக்கு இடமில்லை. தனியாக மெடிக்கல் கார்டு என்னும் மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பணம் தராது. பழைய மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்துக் குடும்பம் வாயடைத்துப் போனது. முன்பு உத்தரவாதக் கடிதம் மறைத்திருந்த எண்ணை அவர்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்கள். வேலை தரும் சலுகை அந்த வேலை இருக்கும்வரைதான். உடம்புக்குள் வைத்த கருவிக்கோ மறுமுறையும் அதற்கடுத்த முறையும் பணம் வேண்டும். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும் கடமை மருத்துவமனைக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். முதல் அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே அடுத்த பேட்டரி எப்போது, ஏறக்குறைய எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போயின. அக்கா சிற்றுண்டிச்சாலை வேலையையும் விட்டுவிட்டார். கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை, பேத்தியின் பிறந்தநாளுக்கும் போகவில்லை.

வேறு வழிகளும் பேசப்பட்டன. கணுக்கால் நரம்பை ஊசிவழி தூண்டும் முறையில் வாரம் ஒருமுறை அரைமணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் போக வேண்டும், பிறகும் அவ்வப்போது தொடர வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் பெருநகரத்துக்குப் போய் வர அவரால் முடியாது. சிறுநீர்ப்பைத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போடலாம். அதன் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். சிலருக்குச் சிறுநீர் தங்கிவிடும், தாமே குழாய் செருகி வெளியேற்ற வேண்டியிருக்கும். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று போட்டாக்ஸையும் உடலுக்குள் பொருத்தும் தூண்டியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஆறு மாதங்களில் நாளொன்றுக்கான கசிவு போட்டாக்ஸ் குழுவில் சராசரியாக 3.9உம், தூண்டிக் குழுவில் 3.3உம் குறைந்தது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குழாய் செருகுவது என்ற பேச்சே அக்காவுக்கு ஒத்துவரவில்லை, அதை மதித்தோம்.

கணக்கு

மகளோடு உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. விலைகள் வெறும் பேச்சுக்கு வைத்துக்கொண்டவை, பார்க்க வேண்டியது கணக்குப் போடும் முறையை. ஐம்பத்து நான்கில் பொருத்தி எண்பது வயதுவரை கருவி வேண்டும் என்றால் இருபத்தாறு ஆண்டுகள். நான்கரை ஆண்டு ஓடும் கருவி என்றால் முதலாவதையும் சேர்த்து ஆறு மின்னாக்கிகள், முதல் அறுவைக்குப் பிறகு ஐந்து முறை தோலைத் திறக்க வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடும் கருவி என்றால் இரண்டே மின்னாக்கிகள், ஒரே ஒரு மாற்றம். ஒருமுறைச் செலவு 30,000 வெள்ளி (ரிங்கிட்), ஆயுள் நான்கரை ஆண்டு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,670 வெள்ளி. ஒருமுறைச் செலவு 45,000 வெள்ளி, ஆயுள் பதினைந்து ஆண்டு என்றால் ஆண்டுக்கு 3,000 வெள்ளி. கவுண்டரில் விலை கூடுதலாகத் தெரியும் கருவி ஆண்டுக் கணக்கில் பாதிக்கும் குறைவு. அதோடு தோலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தொற்று அபாயம் உண்டு. உள்ளிருக்கும் கருவியில் தொற்று பிடித்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும், போட்ட பணம் முழுவதும் போய்விடும்.

பேம்பர்ஸ் செலவையும் நேர்மையாகச் சேர்த்தோம். நாளைக்கு ஐந்து, ஒன்று ஒன்றரை வெள்ளி என்று வைத்தால் மாதம் 225 வெள்ளி. 2022 மே மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. அதில் நூற்றுக்குப் பதினைந்து இதற்கே போகும். ஆண்டுக்கு 2,700 வெள்ளி, பதினைந்து ஆண்டுக் கருவியின் ஆண்டுச் செலவை அது ஏறக்குறைய எட்டிவிடுகிறது. ஆக, காசை மட்டும் பார்த்தால் கருவியால் மிச்சம் இல்லை. அக்கா இழந்த வேலையையும், அரிப்பெடுத்துப் புண்ணான தோலையும், வீட்டுக்குள் அடைந்து கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. எனக்கு அது மிகத் தெளிவாகவே சாய்ந்தது.

பணம் வந்த வழி

தனியாரில் தொடங்கிய சிகிச்சையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாது என்று குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. முடியும். அரசுக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், நிபுணர் கிளினிக்கில் கட்டணம் ஐந்து வெள்ளிதான். மூன்றாம் வகுப்பு வார்டு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி. சிக்கல் என்னவென்றால், இத்தகைய விலையுயர்ந்த உட்பொருத்தும் கருவிகளை அரசு மருத்துவமனையில் நோயாளியே வாங்கித்தர வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவின் கதவைத் தட்ட வேண்டும். வசதி குறைந்த நோயாளிகளுக்காகச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது. விண்ணப்பம் சமூகப் பணி அதிகாரி வழியாகவே போகும். நிபுணரின் கடிதம், கருவியின் விலைப்பட்டியல், வீட்டு வருமானச் சான்று ஆகியவை வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக அரசு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை மருத்துவக் கருவிக்கு உதவி உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கருவிகளுக்கு மட்டும்தான்.

நம் ஆட்கள் இந்தப் பிரிவுக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள். கோயிலில் நன்கொடை கேட்பார்கள், மாமன் மச்சானிடம் கடன் கேட்பார்கள், தங்களுக்கென அரசு வைத்திருக்கும் உதவியைக் கேட்க மாட்டார்கள். அக்காவின் செலவில் ஒரு பகுதி உதவி நிதி ஒன்றிலிருந்து வந்தது, மிச்சத்தைப் பிள்ளைகள் நால்வரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது கருவி

2022 நடுப்பகுதியில் மின்னாக்கியை மட்டும் மாற்றினார்கள். பழைய கம்பியைச் சோதித்தபோது மின்தடை சீராக இருந்தது. பெருவிரல் உடனே வளைந்தது. கம்பியைத் தொடாததால் செலவும் குறைந்தது, அறுவையும் சுருக்கமாக முடிந்தது.

மின்னேற்றும் வகையும் பேசப்பட்டது. 2019இல் ஆக்ஸோனிக்ஸ், 2020இல் மெட்ரானிக் என இரு நிறுவனங்களின் மின்னேற்றும் கருவிகளும் அமெரிக்க அனுமதி பெற்றன. இரண்டும் பதினைந்து ஆண்டு ஆயுள் என்று சொல்லி வந்தவை. 2022இல் அதே நிறுவனங்கள் மின்னேற்றத் தேவையில்லாத, பத்து ஆண்டு முதல் பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஓடக்கூடிய கருவிகளுக்கும் அனுமதி பெற்றன. எந்தக் கருவி எந்த மருத்துவமனையில் கிடைக்கும், பழைய கம்பியோடு பொருந்துமா என்பவை தனித்தனிக் கேள்விகள். அக்கா வகை மாறுவதாக இருந்தால் நன்றாக வேலை செய்யும் கம்பியையும் பிடுங்க வேண்டியிருந்திருக்கும். மின்னேற்றும் வகை என்றால் அதற்கான சார்ஜரை இடுப்பில் கட்டிக்கொண்டு அவ்வப்போது உட்கார வேண்டும், மறந்தால் தூண்டல் நின்றுவிடும். அக்காவின் கண்பார்வை மங்கல், பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். ஆகவே பழைய வகையே முடிவானது. முதன்முதலாகப் பொருத்திக்கொள்பவராக, கூடவே ஒரு பிள்ளையும் வீட்டில் இருப்பவராக இருந்தால், நீண்ட ஆயுளுள்ள கருவியையே கேட்கச் சொல்வேன்.

பெரிய மாற்றம் அமைப்பில் நடந்தது. நான்கு மின்முனைகளையும் ஜோடி ஜோடியாகச் சோதித்து, குறைந்த வலிமையிலேயே தசை சுருங்கும் ஜோடியைத் தேர்ந்தார்கள். முன்பு மூன்று வோல்ட்டுக்கு மேல் ஓடியது இப்போது ஒன்றரைக்கும் கீழே ஓடுகிறது. இடைவிடாமல் ஓடாமல், சில நொடி ஓடிச் சில நொடி ஓயும்படியும் வைத்தார்கள். கைக்கருவியில் எந்தப் பொத்தானை எப்போது தொடலாம் என்பதைத் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன் பின்புறம் ஒட்டினேன். கசிவு கூடினால் நாட்குறிப்பு எழுது, பிறகு அழை, நீயாக ஏற்றாதே என்பதே அதன் சாரம்.

கசிவு இப்போது நாளைக்கு ஒன்று, சில நாட்களில் அதுவும் இல்லை. சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்பவில்லை, ஆனால் காலையில் சந்தைக்குப் போய் வருகிறார். தண்ணீர் குடிக்கிறார். ஆண்டுச் சோதனைக்கு ஈப்போ வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ரயிலிலும் மகள் கூட்டிப்போகிறார். போன முறை பேட்டரியின் மிச்ச ஆயுளைக் கருவியிலிருந்து படித்து, எந்த ஆண்டில் தீரக்கூடும் என்று தாளில் எழுதி வாங்கினோம். அதற்கு முந்தைய ஆண்டே நிபுணர் கிளினிக்கில் தேதி எடுத்துவிட வேண்டும் என்றும், சமூகப் பணி அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய வருமானச் சான்றுகளை இப்போதே நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றும் மகளிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நால்வரும் மாதாமாதம் ஒரு தொகையை அதற்கெனத் தனிக் கணக்கில் போட்டு வருகிறார்கள்.